வாய்தா வராந்தா

கல்லம்பட்டணத்து ஜில்லா கோர்ட் எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரன் எவனாவது கேட்டுவிட்டால் போதும், ஊர்க்காரர்கள் முதலில் நெஞ்சை நிமிர்த்துவார்கள், அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டுவார்கள், அப்புறம் மேற்கே கையை நீட்டி, "எந்தப் பக்கத்துக் கோர்ட்டைக் கேக்கீரு, தலைப்பக்கமா வால்பக்கமா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அந்தப் பெருமையிலேயே ஒரு டீயும் குடிப்பார்கள், ஏனென்றால் அது வளர்கிற கோர்ட். மாடு வளர்கிறது, மரம் வளர்கிறது, பக்கத்து வீட்டுக்காரன் பொறாமை வளர்கிறது, கோர்ட் வளர்ந்தால் என்ன என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். புளியங்கால் கிராமத்துக் கோமு மட்டும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "கட்டடம் வளருதாம்லா கட்டடம், இவனுவளுக்கு அறிவு வளரக் காணோம்" என்பாள். அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அவளும் ஒரு கேஸ்காரிதானே என்று விட்டுவிட்டார்கள்.

அந்தக் கோர்ட்டைக் கட்டியவன் பிங்க்லி துரை என்று ஒரு வெள்ளைக்கார ஜட்ஜ். துரைக்கு ரசனை அதிகம், அதாவது கண்ணில் பட்டதெல்லாம் வேண்டும் என்கிற ரசனை. கப்பலில் வரும்போது ஏதோ ஒரு துறைமுகத்தில் பார்த்த கும்மட்டம் வேண்டும், பிறந்த ஊர் மாதா கோயிலின் ஊசிக்கோபுரம் வேண்டும், தெற்கே எங்கோ பார்த்த அரண்மனையின் பருத்த தூண் வேண்டும், மச்சுக்குப் பர்மாத் தேக்கு வேண்டும், தரைக்குக் கடப்பைக்கல் வேண்டும் என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து ஒரே இடத்தில் திணித்தான். கும்மட்டமும் கோபுரமும் சண்டை போட்ட சம்பந்திகளைப் போல ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. மணிக்கூண்டுக்கு நாலு முகம், நாலும் நாலு மணி காட்டும், வக்கீல்கள் தங்களுக்குத் தோதான முகத்தைப் பார்த்துக்கொண்டு உள்ளே வருவார்கள். சாந்துக்குச் சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைக்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டான், சுற்றுப்பட்டுக் கிராமங்களில் தண்டோரா போட்டு இருந்த முட்டையெல்லாம் கூடை கூடையாகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், அந்த வருஷம் புளியங்காலில் ஒரு கோழிகூடக் குஞ்சு பொரிக்கவில்லை. இத்தனை பேர் வயிற்றெரிச்சலைக் குழைத்துப் பூசியதால்தானோ என்னவோ, சுவர் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னியது. முன்னால் மேற்குப் பார்த்து ஒரு வராந்தா, அதற்குப் பத்துப் பன்னிரண்டு வளைவு. துரை அதில் நாலு நாள் உலாத்திவிட்டு, வயிற்றுப்போக்கு வந்து செத்துப்போனான்.

அவன் செத்து, வெள்ளைக்காரனும் கப்பல் ஏறி, கொடியும் மாறி ரொம்ப காலம் கழித்து ஒரு காலையில், வராந்தாவைப் பெருக்க வந்த அம்மாள், நேற்றுப் பெருக்கி முடித்த இடத்துக்கு அப்பால் இன்னொரு வளைவு நிற்பதைப் பார்த்தாள். அதே பருமனில் தூண், அதே மின்னுகிற பூச்சு, மேலே அதே தேக்கு உத்தரம், உத்தரத்தில் புறா எச்சம், தூணின் அடியில் காய்ந்து கறுத்துப்போன வெற்றிலைக் கறை. நேற்று இல்லாத தூணில் பழைய கறை எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. "இதையும் நான்தான் பெருக்கணுமா?" என்றுதான் கேட்டாள்.

காரணத்தை ஆளுக்கொன்று சொன்னார்கள். துரையின் ஆவி உலாத்த இடம் போதவில்லை என்றான் ஒருவன். கடுக்காய் அளவு பிசகிவிட்டது என்றான் இன்னொருவன். பொதுப்பணித்துறை இன்ஜினீயர் வந்து வெயிலில் கட்டடம் விரிவது சகஜம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார், அவர் பின்னாலேயே ஒரு காண்ட்ராக்டர் வந்து அந்த வளைவைத் தான்தான் கட்டியதாகப் பில் போட்டு வாங்கிக்கொண்டு போனான். ஆனால் கணக்கு என்னவோ கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது: கோர்ட்டில் ஜட்ஜ் ஐயா என்றைக்கு எந்தக் கேஸைத் தள்ளிப் போட்டு வாய்தா கொடுக்கிறாரோ, அன்றைக்கு ராத்திரி ஒரு வளைவு முளைக்கும். வாய்தா கொடுக்காத நாளில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, அப்படி ஒரு நாள் வந்தால்தானே தெரிவதற்கு. தீர்ப்பு சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியாது. தீர்ப்பு என்கிற சாதனத்தை அந்த ஊரில் உயிரோடு இருந்த எவனும் பார்த்ததில்லை.

இப்படியாக வராந்தா மேற்கே போயிற்று. சந்தை மைதானத்தைத் தாண்டிப் போயிற்று, பள்ளிக்கூடத்தை விழுங்கிவிட்டுப் போயிற்று, வாத்தியார் தூணுக்குத் தூண் ஒரு வகுப்பாக உட்கார்த்தி வைத்துப் பாடம் நடத்தினார், பையன்கள் வாய்ப்பாட்டுக்கு நடுவே "ஆஜர் ஐயா" என்று கத்தப் பழகினார்கள். கோர்ட்டின் வாசல் என்பது வராந்தாவின் கடைசி வளைவுதான் என்று துரை காலத்திலேயே சட்டம், ஆகையால் வளைவு நகர நகர வாசலும் நகர்ந்தது. பக்கவாட்டில் புகுந்து வந்தவனை முறைப்படி வரவில்லை என்று போலீஸ்காரன் திருப்பி அனுப்பினான். ஜட்ஜ் உட்காருகிற கூடம் மட்டும் இருந்த இடத்திலேயே கிழக்கே இருந்தது. கேஸ்காரர்கள் விடியும் முன்னே கட்டுச்சோற்றோடு வாசலில் நுழைந்து, நடந்து நடந்து, கூடத்துக்கு வந்து சேரும்போது டவாலி பேரை மூன்று தடவை கூப்பிட்டு முடித்து நாலாவது ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பான். அதற்கும் ஒரு வாய்தா.

வெட்கம் கெட்ட ஊர் அதையும் அனுபவித்தது, பாருங்கள். வராந்தாவுக்குள்ளேயே டீக்கடை வந்தது, புரோட்டாக்கடை வந்தது, ஷேர் ஆட்டோ வந்தது, "நடுத்தூண், நடுத்தூண்" என்று டிரைவர்கள் கூவினார்கள். எந்த வளைவு எந்தக் கேஸில் முளைத்தது என்று குடும்பங்கள் பங்கு பிரித்துக்கொண்டு தூணுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தன, ஆடிவெள்ளிக்குக் கூழ் ஊற்றின. பெண் பார்க்க வந்தவர்கள் நகை நட்டு பேசுவதற்கு முன்னால், "உங்களுக்கு வராந்தாவில் எத்தனை தூண்?" என்று விசாரித்தார்கள், ஒரு தூணும் இல்லாத வீட்டை, ஒரு தகராறுக்குக்கூட வக்கில்லாத வீடு என்று ஒதுக்கினார்கள். வாய்தாப் பிள்ளையார் என்று ஒரு பிள்ளையாரையும் கொண்டுவந்து உட்கார்த்திவிட்டார்கள். மெட்ராஸிலிருந்து கழுத்தில் கேமரா மாட்டிக்கொண்டு வந்தவர்கள் வளைவுகளைப் பார்த்து, என்ன ஒரு தாளம், என்ன ஒரு ஒழுங்கு என்று கண்கலங்கினார்கள். ராத்திரி தங்க லாட்ஜ் கிடைக்காமல் அவர்களும் தூணடியில்தான் படுத்தார்கள்.

கோமுவின் கேஸுக்கு ஞாயிற்றுக்கிழமை கேஸ் என்று பேர். அதைச் சொன்னால் சிரிப்பீர்கள், சிரிக்க வேண்டிய கேஸ்தான். அவள் மாமனார் சாகப்போகும்போது தோட்டத்தை இரண்டு மகன்களுக்கும் சரிபாதியாகப் பிரித்தார், கிணறு ஒன்றே ஒன்று என்பதால் தண்ணீருக்கு முறை வைத்தார்: திங்கள், செவ்வாய், புதன் மூத்தவன் இசக்கிக்கு, வியாழன், வெள்ளி, சனி இளையவன் ஐயாத்துரைக்கு. ஞாயிறு என்று வாயைத் திறந்தார், தொண்டை அடைத்தது, ஒரு மடக்குத் தண்ணீர் கேட்டார், தண்ணீர் வருவதற்குள் போய்ச் சேர்ந்தார். ஒரு ஞாயிறு இவன், மறு ஞாயிறு அவன் என்று வைத்துக்கொண்டால் தீர்ந்தது, அழுகிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் முதல் ஞாயிறு யாருக்கு? அங்கேதான் அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டார்கள். இசக்கியின் பெண்டாட்டி கோமு "மூத்தவருக்குத்தான் முதல்" என்றாள், ஐயாத்துரை பெண்டாட்டி செல்லக்கனி "மாமா கடைசியாப் பாத்தது எங்க வீட்டுக்காரர் முகத்தைத்தான்" என்றாள், இரண்டு பேரும் புருஷன்மாரை இரண்டு வக்கீல்களிடம் தள்ளிவிட்டார்கள். வக்கீல்கள் இரண்டு பேரும் மத்தியானம் ஒரே கேரியரில் சாப்பிடுகிறவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கோர்ட் என்ன செய்தது? தீர்ப்பு வரும்வரை இரண்டு பேரும் தண்ணீர் இறைக்கக் கூடாது, ஞாயிறு மட்டும் இல்லை, ஏழு நாளும் கூடாது என்று உத்தரவு போட்டது. அமீனா வந்து கிணற்று வாயில் இரும்புக் கிராதியைப் போட்டு, பூட்டி, அரக்கு சீல் வைத்துவிட்டுப் போனார். அன்றையிலிருந்து கோமு கத்திரிச் செடிக்குக் கண்மாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள். கிராதி வழியே எட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் கிடக்கும், அவள் முகம் கட்டம் கட்டமாக அதில் தெரியும், கை எட்டாது. அரை ஏக்கர் கத்திரி கால் ஏக்கராகி, கால் ஏக்கர் நாலு வரிசையாகி, அந்த நாலு வரிசையையும் அவள் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள்.

இசக்கி செத்தது வராந்தாவில்தான். ஷேர் ஆட்டோ வராத காலம், சித்திரை வெயில், வாய்தாவுக்கு நடந்துபோனவர் பாதியில் ஒரு தூணில் சாய்ந்தார், சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வளைவு வழியாக வெளியே தூக்கிப் போனால் ரோடு நாலெட்டுதான், ஆனால் போலீஸ்காரன், "வாசல் வழியாத்தான் கொண்டுபோகணும்" என்றான். வாசலுக்குத் தூக்கிவந்து சேர்க்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. உள்ளே அதே நேரம் டவாலி அவர் பேரை மூன்று தடவை கூப்பிட்டிருந்தான், வாதி இறந்துபோன விவரம் தெரிந்ததும் ஜட்ஜ் ஐயா அனுதாபத்தோடு தலையை ஆட்டி, வாரிசு சேர்ப்பதற்காக ஒரு வாய்தா கொடுத்திருந்தார். மறுநாள் காலையில் முளைத்த வளைவைச் சனங்கள் இசக்கி வளைவு என்றார்கள், மாலை வாங்கிவந்து போட்டார்கள். கோமு அதைப் பிய்த்து எறிந்தாள். அன்றைக்கு அழ ஆரம்பித்தவளுக்குப் பாதி அழுகையிலேயே ஆத்திரம் வந்துவிட்டது, பிறகு அந்த ஆத்திரம் அவளை விட்டுப் போகவே இல்லை.

வருஷங்கள் போக, வராந்தாவின் வாய் புளியங்காலுக்கு வந்து சேர்ந்தது. ஊரே குளித்து முழுகி நின்றது. பிரசிடெண்ட் வாழைமரம் கட்டினார், மேளம் வைத்தார், "இதுவரைக்கும் நாம கோர்ட்டைத் தேடிப் போனோம், இப்போ கோர்ட் நம்மளைத் தேடி வருது" என்று பேசினார், கைதட்டினார்கள். ஊர்ப் பொதுக்கிணறு முதல் வாரத்திலேயே போயிற்று. ராத்திரி கிணறாக இருந்தது காலையில் கடப்பைக்கல் தளமாக இருந்தது, கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் கீழே மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை, இன்னொரு கடப்பைக்கல்தான் இருந்தது. சரி, உட்கார்ந்து தாயம் விளையாட நல்ல இடம் ஆச்சு என்று கிழவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

கோமு தன் கிணற்று மேட்டில் ஏறி நின்று கிழக்கே பார்த்தாள். வளைவுக்குள் வளைவு, அதற்குள் வளைவு, எல்லாம் நூல் பிடித்தாற்போல நேராக அவள் கிணற்றைப் பார்த்து நின்றன. அன்றைக்கே கிளம்பித் தன் வக்கீல் தாணுலிங்கத்திடம் போனாள்.

"ஐயா, இனிமே என் கேஸுக்கு வாய்தா வாங்காதீங்க."

தாணுலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வாய்தா வாங்காமக் கேஸ் நடத்துறதா? ஏம்மா, சாப்பிடாமக் கை கழுவுற மாதிரில்லா பேசுத."

"அது என் கிணத்தை முழுங்க வருதுய்யா. இன்னும் நாலு நாள் தாங்காது."

"முழுங்கட்டுமே! அப்புறம் கிணறு கோர்ட்டுக்குள்ள வந்திரும். கோர்ட்டுக்குள்ள இருக்கிற சொத்துன்னா கேஸுக்கு எவ்வளவு கௌரவம்! உன் பேரு தீர்ப்புப் புஸ்தகத்துல எல்லாம் வரும்."

"தீர்ப்பே வராத ஊர்ல புஸ்தகம் எங்கய்யா வரப்போகுது?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். படித்த மனுஷன் என்று இத்தனை வருஷம் கும்பிட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் வழியெல்லாம் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

இருட்டும் முன்னே ஐயாத்துரை வீட்டு வாசலில் போய் நின்றாள். அந்த வீட்டுப் படி ஏறி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஐயாத்துரை பரம சாது, கோர்ட் வாசலில் படுத்திருக்கிற நாயைக்கூட "கொஞ்சம் ஒதுங்குங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் தாண்டுகிறவன், அண்ணியைக் கண்டதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டான்.

"ஐயாத்துரை, முதல் ஞாயித்துக்கிழமையை நீயே எடுத்துக்கோ. கேஸை முடிச்சிருவோம்."

"ஐயோ வேண்டாம் மைனி. அண்ணனே போயிட்டாவ. நீங்களே எடுத்துக்கிடுங்க."

"நான்தான் குடுக்கம்லா, வாங்கிக்கோயேன்."

"அதெப்படி மைனி, நீங்கல்லா மூத்தவுக."

"அன்னைக்கு எங்க போச்சு இந்த மூத்தவுக?" என்று கோமு குரலை உயர்த்த, அவனும் உயர்த்த, கொடுப்பதிலேயே ஒரு சண்டை பிடித்து இன்னொரு கேஸாகிவிடும் போலிருந்தது. செல்லக்கனி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, "எழவு, ஞாயித்துக்கிழமை யாரும் இறைக்க வேண்டாம், கிணத்துக்கு லீவு" என்றாள். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதற்கா இத்தனை வருஷம் என்று கோமு இசக்கியை நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட்டாள்.

மறுநாளே கோமுவும் ஐயாத்துரையும், கேஸை முடித்துக்கொள்கிறோம் என்கிற ராஜி மனுவில் கைநாட்டு வைத்து, ஷேர் ஆட்டோ பிடித்து, டவாலி கூப்பிடுவதற்கு முன்னாலேயே கூடத்தில் போய் நின்றார்கள். ஜட்ஜ் வைகுந்தராஜன் கோபமே வராத மனுஷர். எதைச் சொன்னாலும் புன்னகை செய்வார், எதைக் கேட்டாலும் "பார்ப்போம்" என்பார், தலைக்கு மேலே உத்தரத்தில் புறாக்கள் குமுறுவதைக் கேட்டுக்கொண்டே பாதி நாள் கண்ணை மூடியிருப்பார். ராஜி மனுவைக் கையில் வாங்கியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்படி ஒன்றை அவர் கண்டதே இல்லை. முகமெல்லாம் மலர்ந்தது.

"வாதியும் பிரதிவாதியும் சமாதானமாகப் போவது கண்டு இந்த நீதிமன்றம் மிகவும் மகிழ்ச்சி அடைகிறது" என்றார். கோமு கைகூப்பினாள். "இத்தகைய முக்கியமான மனுவை அவசரப்பட்டு முடிவு செய்ய இயலாது. இதை ஆழமாகப் பரிசீலிக்க வேண்டியிருப்பதால், வாய்தா."

கோமுவுக்குக் கூப்பிய கை கூப்பியபடியே நின்றுவிட்டது. ஐயாத்துரைதான் அவளை வெளியே கூட்டிவந்தான்.

மறுநாள் விடிந்தபோது கடைசித் தூண் கிணற்றின் கைப்பிடிச் சுவர்மேல் ஏறி நின்றது. சுவரின் ஒரு பக்கத்தை அது பல்லால் கடித்ததுபோலப் பிடித்திருந்தது, பாதிக் கிணற்றில் நிழல் விழுந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு வளைவு, இன்றைக்கு எவனாவது ஒருத்தனுக்கு ஒரு வாய்தா, அத்தோடு கிணறு போய்த் தாயக்கட்டம்தான். கோமு மூஞ்சியைக் கழுவினாள், கொண்டையை இறுக்கி முடிந்தாள், வராந்தாவுக்குள் ஏறி நின்று ஷேர் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். ஐயாத்துரை, "மைனி, இன்னைக்கு நம்ம கேஸ் இல்லையே" என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடிவந்து ஏறிக்கொண்டான்.

கூடத்தில் வேறு யாருடைய கேஸோ நடந்துகொண்டிருந்தது. கோமு நேரே போய்க் கூண்டில் ஏறினாள்.

"ஏம்மா, உன் பேரைக் கூப்பிடலையே" என்றான் டவாலி.

"நீ கூப்பிட்டு நான் வந்ததெல்லாம் போதும்" என்றாள். அப்புறம் ஜட்ஜைப் பார்த்துத் திரும்பினாள். "ஐயான்னு கூப்பிட வாய் வரல. உம்மைத்தான் கேக்கேன். நாங்க சண்டை போட்டப்போ வாய்தா குடுத்தீரு, சரி. என் வீட்டுக்காரர் உம்ம தூண்ல சாஞ்சு செத்தப்போ வாய்தா குடுத்தீரு. நேத்து சண்டையை முடிச்சிட்டோம்னு வந்து நின்னோம், அதுக்கும் வாய்தா குடுத்தீரு. உமக்கு வேற என்னவே தெரியும்?"

ஜட்ஜ் புன்னகை செய்தார். "பார்ப்போம்" என்றார்.

"என்னத்தைப் பாப்பீரு? மேல உக்காந்திருக்க புறா எச்சமாவது போடுது, நீரு அதுகூடப் போடல. இறங்கி வாரும். அந்த நாற்காலியில என் கத்திரிக்காயில ஒண்ணைத் தூக்கி வச்சா, ஒரு வாரத்துல அது பழுக்கவாவது செய்யும். நீரு இத்தனை வருஷமா உக்காந்து அழுகத்தானவே செஞ்சிருக்கீரு!"

கூடத்தில் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். ஒருவன் சிரித்ததும் பெஞ்சு முழுக்கச் சிரித்தது, குமாஸ்தாக்கள் கேஸ்கட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், டவாலி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். ஜட்ஜ் வைகுந்தராஜனின் முகத்திலிருந்து புன்னகை வழுக்கி விழுந்தது. நிலமும் வீடும் கிணறும் பள்ளிக்கூடமும் போனபோது வராத அவசரம், ஒரு கத்திரிக்காய்க்கு வந்துவிட்டது. மேஜையை ஓங்கி அறைந்தார்.

"நீதிமன்ற அவமதிப்பு! ஒரு மாதம் சிறை!"

தாணுலிங்கம் துள்ளி எழுந்தார். "கனம் கோர்ட்டார் அவர்களே, பதில் மனு தாக்கல் செய்ய ஒரு வாய்தா..."

"வாய்தா கிடையாது! உட்காரும்! இதுதான் தீர்ப்பு, இப்போதே தீர்ப்பு!"

மேற்கே ரொம்ப தூரத்திலிருந்து வயிறு இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பி, வளைவு வளைவாக உருண்டு வந்து கூடத்துக் கதவை ஆட்டிவிட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர் செல்போனைக் காதில் வைத்தபடி மூச்சிரைக்க ஓடிவந்தான். "கடைசி வளைவைக் காணோம்! கோமக்கா கிணத்துமேல நின்ன தூணைக் காணோம்!"

வக்கீல்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு தீர்ப்புக்கு ஒரு வளைவு போகும் என்று கோமுவுக்கு மட்டும் சட்டென்று விளங்கிவிட்டது, விளங்கிய கையோடு இன்னொன்றும் விளங்கியது: போனது ஒரே ஒரு வளைவு, மத்தியானத்துக்குள் இந்தப் பாவிகள் இன்னொரு வாய்தா வாங்கிவிடுவார்கள், ராத்திரி அது திரும்ப முளைத்துவிடும். இரண்டு பக்கமும் போலீஸ்காரிகள் கையைப் பிடித்திருக்க, அவள் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"ஐயாத்துரை! நீயும் ஏதாவது சொல்லு!"

ஐயாத்துரை முன்னால் வந்தான். கைகட்டினான், அவிழ்த்தான். ஜட்ஜைப் பார்த்தான், உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "வையத் தெரியல மைனி" என்றான், கண்ணில் நீர் முட்டிவிட்டது. பிறந்ததிலிருந்து எவனையும் வைதறியாதவன், அண்ணன் பிணம் வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்று சொன்னபோதும் சரிங்கய்யா என்று சொன்னவன். அந்தச் சரிங்கய்யா இப்போது தொண்டையில் வந்து சிக்கிக்கொண்டதோ என்னவோ, காறினான். இழுத்துக் காறினான். பிங்க்லி துரையின் கடப்பைக்கல்லில், ஜட்ஜின் மேஜைக்கு நேர் கீழே, தூ என்று துப்பினான்.

"ஒரு மாதம்!" என்று அலறினார் ஜட்ஜ். மேற்கே இன்னொரு சத்தம் உருண்டது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அதுவரை தூணுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த சனம், பள்ளிக்கூடத்தை விழுங்கும்போது வாயை மூடிக்கொண்டிருந்த வாத்தியார், கிணற்றின்மேல் தாயம் விளையாடின கிழவர்கள், எல்லோருக்கும் ஒரே நாளில் ரோஷம் வந்துவிட்டது. வழி கண்டுபிடித்தவள் ஜெயிலுக்குப் போகிறாள் என்று உறுதியான பிறகு வந்த ரோஷம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஜட்ஜை வைது தீர்ப்பு வாங்க வரிசையில் நின்றார்கள். வக்கீல் சங்கத்தார் "அவசர வாய்தா, அவசர வாய்தா" என்று தொண்டை கிழியக் கத்தியது எடுபடவில்லை, ஜட்ஜ் வெறி பிடித்தவரைப் போலத் தீர்ப்புமேல் தீர்ப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார், இத்தனை வருஷம் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே நாளில் கொட்டியது. அங்கே வராந்தாவில், தூணை எண்ணிப் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் தங்கள் தூண் எங்கே என்று தேடி அலைந்தார்கள்.

கோமுவையும் ஐயாத்துரையையும் ஏற்றிய ஜெயில் வேன் புளியங்கால் வழியாகத்தான் போக வேண்டும். கிணற்று மேட்டுக்கு அருகே வரும்போது கோமு, "செத்த நிறுத்துங்கம்மா, ஒரு மடக்குத் தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்றாள். போலீஸ்காரியும் தாகத்தில் இருந்தாள், நிறுத்தச் சொன்னாள். கைப்பிடிச் சுவரில் தூண் நின்ற தடம் வெள்ளையாகத் தெரிந்தது, கிணற்றுக்குமேலே முழு ஆகாயமும் இருந்தது. வராந்தாவின் வாய் அதற்குள் வயக்காட்டுக்கு அப்பால் போயிருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஒரு வளைவு உள்ளே போனது. கிராதி மட்டும் பூட்டோடு அப்படியே கிடந்தது, அரக்கு சீலும் இருந்தது. செல்லக்கனி ஒரு பக்கம் வாளியும் கயிறுமாக நின்றாள்.

கோமு குனிந்து ஒரு கருங்கல்லை எடுத்தாள்.

"ஏம்மா, அது கோர்ட் சீலும்மா" என்றாள் போலீஸ்காரி. "உடைச்சா இன்னொரு கேஸ் வரும்."

கோமு உடைத்தாள். அரக்கு தெறித்தது, பூட்டு வாயைப் பிளந்தது, ஐயாத்துரை ஒரு பக்கமும் செல்லக்கனி ஒரு பக்கமும் பிடித்துக் கிராதியைத் தூக்கிப் புரட்டினார்கள். முதல் வாளி மேலே வந்தது. கோமு அதில் ஒரு கை அள்ளிக் குடித்தாள், குடித்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டுபோய் நாலு வரிசைக் கத்திரிக்கும் ஊற்றிவிட்டு வா என்று செல்லக்கனியிடம் வாளியை நீட்டினாள், ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள், அப்புறம்தான் போலீஸ்காரி பக்கம் திரும்பினாள்.

"வரட்டும். அந்த ஆளுகிட்டச் சொல்ல எனக்கு இன்னும் பாக்கி இருக்கு."